சாமிநாதனும் சவேரிநாதனும்

மலைக்கோட்டை நிழலில்: 17

1871-இல் மாயூரத்தில் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்த இளைஞருக்கு வேங்கடராமன் என்று பெயர். பிள்ளையவர்களுக்கு அந்தப் பெயர் கூப்பிட வாகாகப் படவில்லை. வேறு பெயர் ஏதும் உண்டா என்று விசாரித்தார். சுவாமிமலை முருகனை நினைத்து வீட்டில் சாமிநாதன் என்று அழைப்பதுண்டு என்று பதில் வந்தது. அன்றுமுதல் அவர் சாமிநாதன். உ.வே.சா. என்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிறவர் அவர்தான். அதே மாணவர் கூட்டத்தில் சவேரிநாத பிள்ளை என்று ஒருவர் இருந்தார். கிறிஸ்தவர். ஆசிரியரை விட்டுப் பிரியாமல் பணிவிடை செய்தவர். 1876 பிப்ரவரி 1 அன்று மகாவித்துவான் கண்மூடியபோது அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது சவேரிநாத பிள்ளை. பக்கத்தில் இருந்து திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தது சாமிநாதன்.

சைவ மடத்தில் இப்படி இரண்டு மாணவர்கள் அருகருகே உட்கார்ந்திருந்ததை நம் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஆவல் அந்த இரண்டு பெயர்கள்மேல். திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் அந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இரண்டுமே நம் பிள்ளைகள் பெயர்தானே என்பார்கள். சாமிநாதர் அவர்களுக்கு ஒரு புனிதர். ஸ்பெயினில் பிறந்து, பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து, போதகர் சபையை நிறுவிய தொமினிக்கு. லத்தீனில் தொமினுஸ் என்றால் ஆண்டவன், எசமான். தொமினிக்குஸ் என்றால் ஆண்டவனுக்கு உரியவன். தொமினுஸைச் 'சாமி' ஆக்கி, பின்னால் ஒரு 'நாதர்' சேர்த்தால் தமிழ்ப் பெயர் தயார். சுவாமிமலைச் சாமிநாதனுக்கும் அந்த ஸ்பெயின் நாட்டுச் சாமிநாதருக்கும் எழுத்தில் எந்த வேறுபாடும் கிடையாது.

சவேரிநாதன் கதை வேறு. ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில் பாஸ்கு மொழி பேசுவார்கள். அதில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. புதுவீடு என்ற பொருளுள்ள அந்தச் சொல் ஒரு கோட்டையின் பெயராகி, சாவியேர் என்று திரிந்தது. அந்தக் கோட்டையில் பிறந்தவர் பிரான்சிஸ். போர்த்துகீசியர் வாயில் அது ஷவியேர் ஆயிற்று. முத்துக்குளித்துறைத் தமிழர் அதைச் சவேரியார் ஆக்கினார்கள். அப்புறம் சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள் என்று கிளை விட்டது. பாஸ்கு மொழியின் வீட்டுப் பெயர் ஒன்றுக்குப் பின்னால் நம் நாதனும் முத்தும் ராயனும் ஒட்டிக்கொண்டு, இப்போது அது காவிரிக் கரையின் மண்ணோடு மண்ணாகிவிட்டது. மகாவித்துவானின் நண்பரும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவருமான மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பழைய திருச்சி மாவட்டத்துக் குளத்தூரில் 1826-இல் பிறந்தவர். தந்தை பெயர் சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரியம்மாள். அவர்மீது மகாவித்துவான் 'குளத்தூர்க் கோவை' பாடினார். சைவப் புலவர், கிறிஸ்தவப் பாட்டுடைத் தலைவர். தலைவரின் தகப்பனார் பெயரில் மட்டும் நவார் நாட்டுப் புதுவீடு.

ஆக, ஐரோப்பாவிலிருந்து பெயர்கள் தமிழுக்கு வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஓசை வழி, இன்னொன்று பொருள் வழி. எந்த ஊர் எந்த வழியைப் பிடித்தது என்பதில் அரசியலும் மானமும் கலந்திருந்தன.

கடற்கரை ஓசை வழியைப் பிடித்தது. 1530-களில் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துகீசியப் பெயரையும் குடும்பப் பெயரையும் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் பெர்னாண்டோக்கள் இன்றும் இருப்பது அதனால்தான். உள்நாட்டில் நிலைமை தலைகீழ். அங்கே போர்த்துகீசியப் பெயர் வைத்துக்கொள்வது 'பறங்கி' ஆவதற்குச் சமம். ஊரும் உறவும் ஒதுக்கிவிடும். 1606-இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு காவி கட்டினார், மரக்கறி உண்டார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1620-களில் திருச்சிக்கும் அவருடைய பணி பரவியது. அந்நாளில் மதுரை நாயக்கர்களின் தலைநகரம் மதுரைக்கும் திருச்சிக்கும் மாறி மாறி நகர்ந்துகொண்டிருந்தது. முத்துவீரப்ப நாயக்கர் திருச்சிக்குக் கொண்டுவந்தார், திருமலை நாயக்கர் மதுரைக்கே திருப்பினார், சொக்கநாதர் மறுபடி திருச்சிக்கு வந்தார். தெலுங்கு பேசும் அரசவை, தமிழ் பேசும் குடிகள், சமஸ்கிருதம் ஓதும் வைதிகர்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பவுலுஸையும் பெத்ருஸையும் அப்படியே கொண்டுவந்து நிறுத்த முடியாது. எனவே பெயரைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு, தமிழில் புதிதாகக் கோத்தார்கள்.

பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவன். சின்னப்பர் பிறந்தார். யோவான்னெஸ் எபிரேய மூலத்தில் 'கடவுள் அருளினார்' என்று பொருள்படும், அருளப்பர் ஆனார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டு இறந்த ஜான் தெ பிரிட்டோ தமக்கு அருளானந்தர் என்று வைத்துக்கொண்ட பெயரிலும் அந்த 'ஜான்' ஒளிந்திருக்கிறார். ஸ்தெபனுஸ் கிரேக்கத்தில் கிரீடம், முடியப்பர். அந்திரேயாஸ் வீரமுள்ள ஆண்மகன், பெலவேந்திரர். பெனெதிக்துஸ் ஆசி பெற்றவர், ஆசீர்வாதப்பர். லாசருஸ் என்பது எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் குறுக்கம், 'கடவுள் துணை செய்தார்' என்று பொருள், தேவசகாயம். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு இந்தப் பெயர்தான் இடப்பட்டது. 2022-இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது லாசருஸும் தேவசகாயமும் ஒரே பெயர் என்பதை உலகப் பத்திரிகைகள் புதுச்செய்தி மாதிரி எழுதின. நம்மூர்க் கிழவிகளுக்கு அது தெரிந்த விஷயம்.

இராயப்பர்தான் கொஞ்சம் சிக்கல். பெத்ருஸ் என்றால் பாறை. பாறைக்கும் ராயனுக்கும் என்ன உறவு? ராயன் என்றால் அரசன், திருத்தூதர்களில் தலைவர் என்பதால் அப்படி அழைத்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. தெலுங்கில் 'ராயி' என்றால் கல், அதுவே மூலம் என்பது இன்னொன்று. நாயக்கர் காலத்துத் திருச்சியை மனத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. தெலுங்குச் சொல்லில் பாறையும் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அரசனும் கேட்கிறான். பெயர் கோத்தவர் இரண்டையும் நினைத்துத்தான் கோத்திருப்பார் என்று நம்ப ஆசை.

இந்தப் பெயர்களின் வெற்றி, அவை காட்டிக்கொடுப்பதில்லை என்பதில் இருக்கிறது. புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா எட்டுக்கட்டையில் பாடியதற்கும் திருத்தூதர் பவுலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் சின்னப்பா என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிட முடியாது. அக்கரையில் பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் வைணவ ஆசாரியரிடம் பஞ்ச சம்ஸ்காரம் செய்துகொள்கிறவருக்குத் தோளில் சங்கு சக்கரம் ஒற்றி, திருமண் இட்டு, மூன்றாவதாகப் பெயர் சூட்டுவார்கள். அதற்கு நாம சம்ஸ்காரம் என்று பெயர். அவர் அன்றுமுதல் ராமானுஜ தாசன். தீட்சையோடு பெயரும் புதிதாக வேண்டும் என்பது காவிரிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் புரிந்த சங்கதி. ஆண்டவனுக்கு உரியவன் என்ற தொமினிக்குஸையும் தாசன் என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எட்ட நிற்கிறவருக்கு இரண்டும் ஒரே வீட்டுச் சொத்தாகத் தெரியும்.

ரோமுக்கு அப்படித் தெரியவில்லை. நோபிலியின் முறைகள்மீது முதலில் கோவாவில் புகார் எழுந்தது. 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி போப்பு வெளியிட்ட ஆணை, பூணூல், குடுமி, சந்தனம் போன்றவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. அந்த ஆணைக்கு 'ரொமானே செதிஸ் அந்திஸ்தெஸ்' என்று பெயர். ரோமப் பீடத்தின் தலைவர் என்று பொருள். இதில் ஒரு சுவை உண்டு. போப்பின் ஆணைகளுக்குத் தனியாகத் தலைப்பு வைப்பதில்லை. முதல் வரியின் முதல் சொற்களே பெயர். உறையூரில் பிறந்து அரங்கனைப் பாடிய திருப்பாணாழ்வாரின் பத்துப் பாட்டை 'அமலனாதிபிரான்' என்று அதன் தொடக்கத்தாலேயே நாம் சொல்வதைப் போன்றது இது. எனவே லத்தீன் ஆணையின் பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க முயல்வது வீண்வேலை.

அடுத்து வந்த ஆணை இடி மாதிரி இறங்கியது. போப்பின் தூதராகச் சீனாவுக்குப் போகிற வழியில் மெய்யார் தெ தூர்னோன் என்பவர் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். உடம்பு சரியில்லை; உள்நாட்டுப் பக்கம் அவர் வரவே இல்லை. திருச்சியையோ மதுரையையோ கண்ணால் காணாமல், புதுச்சேரியில் இருந்தபடியே 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 பிரிவுகள் கொண்ட ஆணையை எழுதினார். 'இந்தெர் கிராவியோரெஸ்' என்று தொடங்குவது. தாலி, பூப்பு நீராட்டு, திருநீறு என்று பலவற்றைக் கண்டித்த அந்த ஆணை பெயர்களையும் விடவில்லை. திருமுழுக்கின்போது ரோமப் புனிதர் பட்டியலில் உள்ள ஒரு பெயரைத்தான் இடவேண்டும். பிற சமயத் தெய்வங்களின் பெயரும் தவசிகளின் பெயரும் கூடாது. சிலுவை, புனிதர்கள், திருப்பொருள்கள் ஆகியவற்றின் பெயர்களை விருப்பம்போல மாற்றக்கூடாது. லத்தீன் சொல்லையே வைக்கவேண்டும், அல்லது லத்தீனின் பொருளைச் சரியாகவும் முழுமையாகவும் தரும் உள்நாட்டுச் சொல்லை வைக்கவேண்டும்.

அந்தக் கடைசி 'அல்லது'தான் நம் கதைக்குத் திறவுகோல். சாமிநாதரும் சின்னப்பரும் தப்பித்தது அதன் வழியாகத்தான். இவை தூர்னோனுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை; ஆணை அவற்றை உண்டாக்கவில்லை. ஆனால் இனிமேல் ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்குப் பின்னாலும் ஒரு லத்தீன் பெயர் சாட்சியாக நிற்கவேண்டும் என்று ஆயிற்று. வெளியே சாமிநாதன், உள்ளே தொமினிக்குஸ். இந்த மலபார் சடங்கு விவாதம் மேலும் நாற்பது ஆண்டுகள் இழுத்தது. 1744-இல் பதினான்காம் பெனெதிக்து போப்பின் 'ஓம்னியும் சொலிச்சிதூதினும்' என்ற ஆணை வந்த பிறகே ஓய்ந்தது.

இந்த நாற்பது ஆண்டுகளின் பெரும்பகுதியில் காவிரி கொள்ளிடப் பகுதியில் ஒருவர் உட்கார்ந்து தமிழ் எழுதிக்கொண்டிருந்தார். கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. 1680-இல் இத்தாலியில் மாந்துவா அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். 1711-இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். கொன்ஸ்தான்சியுஸ் என்றால் உறுதி குலையாதவன். முதலில் தைரியநாத சாமி என்று பெயர். பிறகு வீரமாமுனிவர் என்று நிலைத்துவிட்டது. நடுவில் இருந்த ஜுசெப்பே, அதாவது யோசேப்பு, அவருடைய காப்பியத் தலைவனானார்.

காஸ்திலியோனேக்கு இன்னொரு புகழும் உண்டு. 1568-இல் அலோசியுஸ் கொன்சாகா பிறந்த ஊர் அதுதான். பிரபு குடும்பத்தில் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, கொள்ளைநோயில் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து இருபத்து மூன்று வயதில் இறந்தவர். தமிழில் அவர் ஞானப்பிரகாசியார். இங்கே மட்டும் பொருள் வழி தடம் மாறுகிறது. அலோசியுஸ் என்பது லூயி என்ற பெயரின் ஒரு வடிவம். பழைய ஜெர்மானிய மூலத்தில் 'போரில் பேர் பெற்றவன்' என்று பொருள். ஞானமும் இல்லை, பிரகாசமும் இல்லை. லத்தீனில் ஒளிக்கு 'லூக்ஸ்' என்று பெயர். லூயிக்குள் யாரோ அந்த லூக்ஸைக் கேட்டிருக்கவேண்டும். தூர்னோனின் ஆணைப்படி பார்த்தால் இந்தப் பெயர் தேறாது. ஆனால் தேறிவிட்டது. சைவத்தில் ஏற்கெனவே புழங்கிய பெயர் அது. யாழ்ப்பாணத்தில் பதினேழாம் நூற்றாண்டில் ஞானப்பிரகாச முனிவர் என்ற சைவ சித்தாந்தி இருந்தார். அதே யாழ்ப்பாணத்தில் 1875-இல் வைத்தியலிங்கமாகப் பிறந்து, அலோசியுஸின் பெயரால் திருமுழுக்குப் பெற்று, நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் என்று மொழியாராய்ச்சியில் பேர் எடுத்தவர் கத்தோலிக்கக் குரு. பெயர் ஒன்றுதான், மடமும் கோயிலும் பங்கு போட்டுக்கொண்டன.

வீரமாமுனிவரிடம் வருவோம். தேம்பாவணியின் 3615 பாடல்களில் அவர் செய்த பெயர் வேலையைத் தனியாக ஆராயலாம். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு 'அவர் பெருக்குவார், கூட்டித் தருவார்' என்று பொருள். மக்கள் வாயில் அது ஏற்கெனவே சூசை ஆகியிருந்தது. போர்த்துகீசிய ஜோசேயின் ஓசை அப்படித்தான் தமிழில் விழுந்தது. சூசையப்பர் என்று கோயிலில் கும்பிடலாம். காப்பியத்தில் வைத்தால் விருத்தம் இடறும். முனிவர் 'வளன்' என்று வைத்தார். வளம், பெருக்கம், கூட்டித் தருதல் எல்லாம் மூன்றெழுத்தில் அடங்கிவிட்டன. திருமுழுக்கு யோவானுக்குக் 'கருணையன்' என்று பெயர். அருளப்பர் என்று ஏற்கெனவே இருக்கும்போது ஏன் இன்னொன்று? யோவான்கள் இருவர் அல்லவா! பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தாயை இழந்து புலம்பும் கருணையனைப் படித்த பிள்ளைகள் பலருக்கு அது மொழிபெயர்ப்புப் பெயர் என்ற எண்ணமே வந்திருக்காது. அதுதான் மொழிபெயர்த்தவரின் திறமை.

அவரே எதிர்த்திசையிலும் பாலம் போட்டார். கொடுந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். அதை 1738-இல் அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். லுத்தரன் போதகர்களை அவர் தமிழில் வறுத்தெடுத்தவர். ஆனாலும் புத்தகம் உதவும் என்றதும் அவர்கள் பகையைப் பார்க்கவில்லை. செந்தமிழுக்குத் தனி இலக்கணம், திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் லத்தீன் பெயர்ப்பு. இன்பத்துப்பாலை விட்டுவிட்டார், துறவி, பாவம்.

சின்னப்பரும் அருளப்பரும் குருமார்கள் கோத்தவை என்றால், பெண்களும் ஏழை எளியவர்களும் பெயர் எடுத்த களஞ்சியம் வேறு. அது மாதா பிரார்த்தனை. லொரேத்தோ மன்றாட்டு என்று 1587-இல் ரோம் ஒப்புக்கொண்ட நீண்ட லத்தீன் அடுக்கு. மரியாளுக்கு அதில் பல பட்டங்கள். 'சாலுஸ் இன்ஃபிர்மோரும்' நோயாளருக்கு நலம் தருபவள், ஆரோக்கியம். 'ரெஃபூஜியும் பெக்காதோரும்' பாவிகள் புகலிடம், அடைக்கலம். 'அவுக்சிலியும் கிறிஸ்தியானோரும்' கிறிஸ்தவர்க்குத் துணை, சகாயம். மாலையில் குடும்பமாக முட்டிபோட்டுச் சொல்லும் செபத்தில் தினமும் காதில் விழுந்த இந்தச் சொற்கள் பிள்ளைகளுக்குப் பெயராக இறங்கின. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவன் ஆரோக்கியசாமி. கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் நிறுவிய கோயில் அடைக்கல மாதாவுக்கு. அந்த ஊரைத் திருக்காவலூர் என்று மாற்றிக் கலம்பகமும் பாடினார். சுற்றுவட்டாரத்தில் அடைக்கலமேரிகள் மிகுந்தது அதனால். திருச்சி பாலக்கரையில் உள்ள உலக மீட்பர் ஆலயத்தை யாரும் அந்தப் பெயரால் கேட்பதில்லை. ஆட்டோக்காரரிடம் சகாய மாதா கோயில் என்றால்தான் போகும். சகாயராஜும் சகாயமேரியும் அந்தப் பக்கத்துப் பெயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெப்பக்குளம் அருகே லூர்து மாதா கோயில் கூரிய கோபுரத்தோடு எழுந்தது. பிரான்சில் 1858-இல் காட்சி நடந்த ஊரின் பெயர் லூர்துசாமிக்கும் லூர்தம்மாளுக்கும் வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயரை ஆள் பெயராக்குவது பழனிக்கும் சிதம்பரத்துக்கும் நாம் செய்வதுதான்.

லூர்து கோயிலைக் கட்டியவர்கள் பிரெஞ்சு சேசு சபையினர். 1773-இல் போப்பே கலைத்துவிட்ட சபை 1814-இல் மீண்டு, 1830-களின் கடைசியில் புதிய மதுரை மிஷனாக இங்கே திரும்பியது. மேலப்புதூர் மரியன்னை பேராலயம் 1841-இல் எழுந்தது. 1886-இல் திருச்சி தனி மறைமாவட்டமாயிற்று. வெள்ளைக்காரன் 'பள்ளி'யைப் 'பொலி' என்று கேட்டு, கிரேக்க நகரங்களின் வாலை ஒட்டி, ட்ரிச்சினோபொலி ஆக்கியிருந்தான். அதற்கு லத்தீன் விகுதி சேர்த்தார்கள். ஆண்டிறுதிக் கணக்குகளில் நம் ஊர் கான்ஸ்தாந்தினோபிளுக்குத் தங்கை மாதிரி தோற்றம் தந்தது.

இந்தக் காலத்துப் பங்குப் பதிவேடுகளும் லத்தீன். 1614-இன் ரோமச் சடங்கு நூல், பதிவேட்டில் எப்படி எழுதவேண்டும் என்று வாசகமே கொடுத்திருந்தது. பெயரையும் நாளையும் நிரப்பவேண்டியதுதான். வீட்டில் சின்னப்பன் என்று கூப்பிடுகிற குழந்தை ஏட்டில் பவுலுஸ். ஞானத்தகப்பன் 'பாத்ரீனுஸ்', ஞானத்தாய் 'மாத்ரீனா'. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. லத்தீனில் பெயரும் வேற்றுமை ஏற்கும். பவுலுஸின் மகன் என்று எழுதினால் 'பவுலி' ஆகிவிடும். தொமினிக்குஸின் மகள் என்றால் 'தொமினிச்சி'. சின்னப்பன், சின்னப்பனை, சின்னப்பனுடைய என்று நாம் சொல்வதுபோலத்தான். பரம்பரை தேடுகிறவர்கள், என் பாட்டனாருக்குப் பவுலி என்று ஒரு தகப்பனாரும் பவுலுஸ் என்று ஒரு சிற்றப்பாவும் இருந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுவிடும் ஆபத்து இதில் உண்டு. இருவரும் ஒருவரே, வேற்றுமை மட்டும் வேறு.

சேசு சபையார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரிக்கு ஆங்கிலத்தில் செயின்ட் ஜோசப். தமிழில் தூய வளனார் கல்லூரி. காப்பியத்துக்காகக் கோத்த பெயர் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் பலகையில் ஏறிவிட்டது. கல்லூரிச் சின்னத்தில் 'ப்ரோ போனோ எத் வேரோ', நன்மைக்காகவும் உண்மைக்காகவும். சேசு சபைப் பள்ளிகளில் தாளின் தலைப்பில் ஏ.எம்.டி.ஜி. என்று நான்கு எழுத்து எழுதிவிட்டுத் தொடங்குவது உலகெங்கும் இருந்த பழக்கம். 'ஆத் மாயோரெம் தேயி குளோரியாம்', இறைவனின் மேலான புகழுக்கு. கல்லூரிக்கு மேலே உச்சிப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையார் சுழி போட்டுப் பழகிய கைக்கு அந்த நான்கெழுத்தின் நோக்கத்தை யாரும் விளக்கவேண்டியிருந்திருக்காது.

ஸ்ரீரங்கத்துப் பையன்கள் ஆற்றைக் கடந்து வந்து படித்த கல்லூரி இது. ரங்கராஜன் என்ற அரங்கன் பெயரோடு வந்து பின்னாளில் சுஜாதா ஆனவர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் இங்கே இயற்பியல் படித்தார். அப்துல் கலாம் 1954-இல் பட்டம் பெற்றதும் இங்கேதான். அதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இந்தக் கல்லூரியில் படித்த சில பிராமண இளைஞர்கள் கிறிஸ்தவத்தில் சேர்ந்தபோது நகரம் கொந்தளித்தது; வீட்டார் கதவடைத்துவிட்ட அவர்களுக்காக மேரி தோப்பு என்ற குடியிருப்பு உண்டாயிற்று. அவர்கள் ஐயர் என்ற பட்டத்தை விடவில்லை. தூர்னோன் இருந்திருந்தால் இன்னொரு பிரிவு எழுதியிருப்பார்.

பிறகு லத்தீன் போய்விட்டது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் பூசை திருப்பலி ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று, அர்ச்சியசிஷ்டர் புனிதர் ஆனார், இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியானார். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் இல்லை. பேதுரு, பவுல், யோவான். ஒற்றுமைக்குக் கொடுத்த விலை என்று சொல்லலாம். எனக்கு அது கொஞ்சம் கூடுதல் விலையாகவே படுகிறது. தொட்டில்களிலும் அருளப்பன் குறைந்து ஜான் கூடிவிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் 'பறங்கி' என்று ஒதுக்கப்பட்ட ஓசைகள் இப்போது ஆங்கிலப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் மிடுக்காக நிற்கின்றன.

திருச்சியில் லத்தீன் முழுதாகச் செத்துவிட்டதா என்றால், இல்லை. பீடத்திலிருந்து இறங்கிய அதே பத்தாண்டில், 1967-இல், வளனார் கல்லூரி வளாகத்திலேயே ராபினட் உலர்தாவரகம் தொடங்கியது. சேசு சபைக் குரு கே. எம். மாத்யூ தம் மாணவர்களோடு மலையும் காடும் வயல்வரப்பும் அலைந்து சேர்த்த செடிகள் தாளில் ஒட்டப்பட்டு அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் லத்தீனில் இரட்டைப் பெயர். 2012 தொடங்கும்வரை உலகில் எவர் புதிய செடியைக் கண்டுபிடித்தாலும் அதன் விவரத்தை லத்தீனில் எழுதினால்தான் செல்லும். இப்போது ஆங்கிலமும் போதும், பெயர் மட்டும் லத்தீனில்.

அந்தத் தாள்களில் போக்குவரத்து தலைகீழாக நடந்திருக்கிறது. மாங்காய் போர்த்துகீசியத்தில் மங்கா ஆகி, 1753-இல் லின்னேயுஸ் கையில் 'மங்கிஃபெரா' ஆயிற்று. மாங்காய் தாங்குவது என்று பொருள். ஸ்ரீரங்கத்து இமாம் பசந்தும் அந்தப் பெயரில் அடக்கம். முருங்கை 'மொரிங்கா'. புங்கம் 'பொங்காமியா'. வெற்றிலை 'பைப்பர் பெத்லெ'. வெட்டிவேருக்கு நெடுநாள் இருந்த பெயர் 'வெட்டிவேரியா'. இவையெல்லாம் ஓசை வழியாகப் போனவை. முருங்கையை லத்தீனுக்கு அழைத்துக்கொண்டு போனபோது அதன் பொருளைச் சரியாகவும் முழுமையாகவும் தரவேண்டும் என்று எந்தத் தூதரும் ஆணை போடவில்லை.

அடுத்த இதழில்: கோட்டைக்குள் ஷுவார்ட்சு 1766-இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயமும், பேதுரு என்று சொன்னவர்கள் இராயப்பர் என்று சொன்னவர்களோடு போட்ட சண்டையும்.

(தொடரும்)